நடுத்தர விலை வரைகலை அட்டைகளின் வரலாறு

வரைகலை அட்டை என்பது கணினித் திரையில் தோன்றும் காட்சிகளைக் கணக்கிட்டு வரையும் தனி வன்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது கிராபிக்ஸ் கார்டு எனப்படுகிறது. விளையாட்டுக்கான கணினியில் பெரும்பாலும் விலை மிகுந்த உறுப்பு இதுவே. கணினியின் மற்ற பாகங்களை அப்படியே வைத்துக்கொண்டு இதை மட்டும் மாற்றுவது 1990களின் பிற்பகுதியிலிருந்தே வழக்கமாக உள்ளது.

சந்தையில் இவ்வட்டைகள் தொடக்க நிலை, நடுத்தர நிலை, உயர் நிலை என மூன்றாகப் பிரித்துப் பேசப்படுகின்றன. அமெரிக்கச் சந்தையில் கடந்த 25 ஆண்டுகளாக ஏறத்தாழ 200 முதல் 400 டாலர் வரை அறிமுக விலை கொண்ட அட்டைகளே நடுத்தரம் என்று கொள்ளப்பட்டன. இக்கட்டுரையில் தரப்படும் விலைகள் யாவும் அமெரிக்க அறிமுக விலைகள். வரி இவற்றில் சேராது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாங்குபவர் வரியையும் இறக்குமதிச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நடுத்தரம் என்பதற்கு நிலையான வரையறை எதுவும் இல்லை. எந்தச் சில்லுக்கு எந்தப் பெயர் என்பதைத் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. ஒரே பெயரில் இரு வேறு அட்டைகள் விற்கப்பட்டதும், பழைய அட்டை புதிய பெயரில் வந்ததும் இவ்வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளன. நினைவகம் எவ்வளவு, அதன் பாதை எத்தனை பிட், மின்சாரம் எத்தனை வாட் என்று இன்று அட்டை வாங்குபவர் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் இத்தகைய ஒரு நிகழ்விலிருந்து பிறந்தவை.

தொடக்கக் காலம்: 1996–1999

1990களின் நடுப்பகுதி வரை கணினியிலிருந்த காட்சி அட்டையின் வேலை எழுத்தையும் தட்டையான படத்தையும் திரைக்கு அனுப்புவதே. முப்பரிமாணக் காட்சிகளை மையச் செயலியே கணக்கிட்டது. முப்பரிமாண வசதி உண்டு என்று விற்கப்பட்ட எஸ்3 நிறுவனத்தின் விர்ஜ் அட்டை, சில விளையாட்டுகளில் மையச் செயலியை விட மெதுவாக இயங்கியதால், வேகத்தைக் குறைக்கும் அட்டை என்று கேலி செய்யப்பட்டது.

1996ஆம் ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டை இந்த நிலையை மாற்றியது. இது முப்பரிமாண வேலையை மட்டுமே செய்தது. சாதாரணக் காட்சிக்குக் கணினியில் முன்பே இருந்த அட்டையும் தேவைப்பட்டது. இரண்டும் வெளிப்புறக் கம்பி வழியாக இணைக்கப்பட்டன. குவேக் விளையாட்டின் முடுக்கப்பட்ட பதிப்பு 1997இன் தொடக்கத்தில் வெளியானபோது, இத்தகைய அட்டை உள்ள கணினிக்கும் இல்லாத கணினிக்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இக்காலத்தில் ஒரு நிறுவனம் ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு அட்டைகளே வெளியிட்டது. ஒரே சில்லைக் குறைத்தும் கூட்டியும் பல விலைகளில் விற்கும் முறை 1999 அளவில் வலுப்பெற்றது. என்விடியா நிறுவனத்தின் ரிவா டிஎன்டி2 அட்டையின் மலிவுப் பதிப்பாக எம்64 வந்தது. இரண்டிலும் டிஎன்டி2 என்ற பெயர் இருந்தாலும், முதலாவதன் நினைவகப் பாதை 128 பிட், இரண்டாவதன் பாதை 64 பிட்.

நினைவகப் பாதை என்பது அட்டையிலுள்ள செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு செல்லும் வழி. வழி பாதியானால், அதே வேகமுள்ள நினைவகத்திலிருந்து ஒரு நொடியில் எடுக்கக்கூடிய தரவும் பாதியாகிறது. காட்சியின் அளவு பெரிதாகப் பெரிதாக இக்குறை வெளிப்படும். பெட்டியின் மீது அச்சிடப்பட்ட நினைவக அளவில் இது தெரிவதில்லை.

1999 அக்டோபரில் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 அட்டையை வெளியிட்டு, உலகின் முதல் ஜிபியு என்று அதை விளம்பரப்படுத்தியது. பல்கோணங்களின் இடமாற்றக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் மையச் செயலியிடமிருந்து இது எடுத்துக்கொண்டது. சில வாரங்களில் இதே சில்லு வேகமான டிடிஆர் நினைவகத்துடன் வந்தபோது, பெரிய காட்சி அளவுகளில் குறிப்பிடத்தக்க வேகம் கிடைத்தது. சில்லைப் போலவே நினைவகத்தின் வேகமும் அட்டையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது அப்போதே வெளிப்பட்டது.

எம்எக்ஸ் அட்டைகள்: 2000–2003

2000ஆம் ஆண்டு வெளியான ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ், பரவலாக விற்ற மலிவு அட்டைகளுள் ஒன்று. உயர்நிலை ஜீஃபோர்ஸ்2 ஜிடிஎஸ் அட்டையில் நான்கு பிக்சல் வழிகள் இருந்தன, எம்எக்ஸில் இரண்டு. ஆயினும் இரண்டும் ஒரே தலைமுறை வசதிகளைக் கொண்டிருந்தன. வேகத்தில் குறை, வசதியில் சமம் என்ற இந்த ஏற்பாட்டை வாங்குபவர்கள் நியாயமானதாகவே ஏற்றனர். அதே ஆண்டு டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்குவதாக என்விடியா அறிவித்தது. அதன் பின் விளையாட்டு அட்டைச் சந்தை பெரும்பாலும் என்விடியா, ஏடிஐ ஆகிய இரண்டு நிறுவனங்களின் போட்டியாக மாறியது.

2002ஆம் ஆண்டு ஜீஃபோர்ஸ்4 வரிசை வந்தபோது இந்த ஏற்பாடு மீறப்பட்டது. முந்தைய ஜீஃபோர்ஸ்3 அட்டையில் நிரல்படுத்தக்கூடிய ஷேடர்கள் இருந்தன. நீர், தோல், உலோகம் போன்ற பரப்புகளின் தோற்றத்தை விளையாட்டு உருவாக்குபவரே நிரலாக எழுத இவை வழிசெய்தன. ஜீஃபோர்ஸ்4 டிஐ அட்டைகளிலும் இவ்வசதி இருந்தது. ஆனால் ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் அட்டை ஜீஃபோர்ஸ்2 வடிவமைப்பின் வழிவந்தது. பிக்சல் ஷேடர் அதில் இல்லை. பெயரில் 4 என்ற எண் இருந்தாலும், 3 என்ற எண் கொண்ட அட்டையால் செய்ய முடிந்ததை இது செய்ய இயலவில்லை. குவேக், டூம் விளையாட்டுகளின் நிரலாளர் ஜான் கார்மாக் இதை வெளிப்படையாகக் குறை கூறினார். ஷேடர் கட்டாயமான விளையாட்டுகள் ஓரிரு ஆண்டுகளில் வந்தபோது, அவை இவ்வட்டையில் தொடங்கவே இல்லை.

அதே வரிசையின் டிஐ 4200 அட்டை 200 டாலருக்குள் கிடைத்தது. ஷேடர் வசதி அனைத்தும் அதில் இருந்தது. இது 64 எம்பி, 128 எம்பி என இரண்டு வகைகளில் வந்தது. 64 எம்பி வகையின் நினைவகம் 128 எம்பி வகையின் நினைவகத்தை விட வேகமாக இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எனவே அன்றைய பல விளையாட்டுகளில் விலை குறைந்த வகையே சற்று முந்தியது. நினைவகத்தின் அளவு, நினைவகத்தின் வேகம் ஆகிய இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

2003இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரிசை இதற்கு நேர்மாறான சிக்கலைக் காட்டியது. அதன் மலிவு அட்டையான எஃப்எக்ஸ் 5200 கூட டைரக்ட்எக்ஸ் 9 வசதிகளைக் கொண்டிருந்தது; ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் அளவுக்கு வேகம் அதற்கு இல்லை. 2004இல் வெளியான ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டு, எஃப்எக்ஸ் வரிசை அட்டைகளைக் கண்டால் பழைய டைரக்ட்எக்ஸ் 8 முறைக்கே தானாக மாறிக்கொண்டது. ஒரு வசதி அட்டையில் இருப்பதும், அது பயன்படும் வேகத்தில் இருப்பதும் வேறு வேறு.

200 டாலரின் சிறப்பான காலம்: 2004–2010

2004 முதல் 2010 வரையிலான காலம் நடுத்தர அட்டை வாங்குபவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. 2004இல் 200 டாலர் அளவில் வந்த ஜீஃபோர்ஸ் 6600 ஜிடி, டூம் 3, ஹாஃப்-லைஃப் 2 ஆகிய இரண்டு பெரிய விளையாட்டுகளையும் நல்ல தரத்தில் இயக்கியது. அதே ஆண்டு ஏஜிபி இணைப்பிடத்தின் இடத்தைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிடிக்கத் தொடங்கியதால், அட்டை மாற்றுபவர் தாய்ப்பலகை எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டியதாயிற்று. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி 540 கோடி டாலருக்கு வாங்கியது.

2006 நவம்பரில் 599 டாலர் விலையில் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வெளியானது. அதில் 128 கணிப்பு அலகுகள் இருந்தன. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2007 அக்டோபரில், 200 முதல் 250 டாலர் வரை விலை குறிக்கப்பட்ட 8800 ஜிடி வந்தது. இதில் 112 அலகுகள் இருந்தன. சிறிய 65 நானோமீட்டர் உற்பத்தி முறையால் சில்லு சுருங்கியது, செலவும் குறைந்தது. உயர்நிலை அட்டையின் வேகத்தில் பெரும்பகுதியைப் பாதிக்கும் குறைந்த விலையில் இது தந்தது. தேவை மிகுந்ததால் முதல் சில வாரங்களில் கடைகளில் குறித்த விலைக்கு இது கிடைப்பதே அரிதாயிற்று.

2008 ஜூனில் ஏஎம்டி 199 டாலருக்கு ரேடியான் எச்டி 4850 அட்டையையும், 299 டாலருக்கு எச்டி 4870 அட்டையையும் வெளியிட்டது. மிகப் பெரிய சில்லைச் செய்து அதைக் குறைத்து விற்பதற்கு மாறாக, நடுத்தர அளவுச் சில்லை முதலில் செய்வது என்பது ஏஎம்டியின் திட்டம். அதே மாதத்தில் என்விடியா ஜிடிஎக்ஸ் 280 அட்டையை 649 டாலருக்கும், ஜிடிஎக்ஸ் 260 அட்டையை 399 டாலருக்கும் அறிவித்திருந்தது. சில வாரங்களிலேயே இவற்றின் விலை முறையே 499, 299 டாலராகக் குறைக்கப்பட்டது. நடுத்தர அட்டை ஒன்று உயர்நிலையின் விலையையே கீழே இறக்கிய நிகழ்வாக இது நினைவுகூரப்படுகிறது. போட்டி சமமாக இருந்ததே இதற்குக் காரணம்.

மறுபெயரிடலும் ஒரே பெயர் கொண்ட இரட்டை அட்டைகளும்

இதே காலத்தில் பழைய அட்டைக்குப் புதுப் பெயர் சூட்டும் வழக்கமும் பரவியது. 8800 ஜிடி 2008இல் ஏறக்குறைய மாற்றமின்றி 9800 ஜிடி ஆயிற்று. 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் 2009இல் ஜிடிஎஸ் 250 ஆயிற்று. ஏஎம்டியும் இதைச் செய்தது. 2012இல் ரேடியான் எச்டி 7850 அட்டையில் வந்த சில்லு, 2014இல் ஆர்7 265 என்றும், 2015இல் ஆர்7 370 என்றும் விற்கப்பட்டது. எண்ணை மட்டும் பார்த்து அட்டையை மாற்றியவர் தம்மிடம் முன்பே இருந்த சில்லையே மறுமுறை வாங்கும் வாய்ப்பு இருந்தது.

ஒரே பெயரில் இரு வேறு அட்டைகள் வருவது மற்றொரு வழக்கம். 2010இல் வெளியான ஜிடிஎக்ஸ் 460, 768 எம்பி, 1 ஜிபி என இரு வகைகளில் வந்தது. வேறுபாடு நினைவக அளவில் மட்டும் இல்லை. முதலாவதன் நினைவகப் பாதை 192 பிட், இரண்டாவதன் பாதை 256 பிட். 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி அட்டையில் 1280 கணிப்பு அலகுகள் இருக்க, அதே பெயரில் வந்த 3 ஜிபி அட்டையில் 1152 அலகுகளே இருந்தன. ஆர்டிஎக்ஸ் 3060 அட்டை 2021இல் 12 ஜிபி நினைவகத்துடனும் 192 பிட் பாதையுடனும் வந்தது. 2022இல் அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் வகை வெளியானது.

இதில் ஒருமுறை வாங்குபவர்களின் எதிர்ப்பு வென்றது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரு வேறு சில்லுகள் கொண்ட அட்டைகள் அறிவிக்கப்பட்டன. கண்டனம் எழுந்ததும் அக்டோபரில் என்விடியா 12 ஜிபி வகையைத் திரும்பப் பெற்றது. அதே அட்டை 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் குறைந்த விலைக்கு வந்தது.

ஜிடிஎக்ஸ் 970: மூன்றரை ஜிபி விவகாரம்

2014 செப்டம்பரில் 329 டாலருக்கு வெளியான ஜிடிஎக்ஸ் 970 பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் நினைவகம் 4 ஜிபி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நினைவகப் பயன்பாடு 3.5 ஜிபியைத் தாண்டும்போது வேகம் குறைவதைப் பயனர்கள் கவனித்தனர். 2015 ஜனவரியில் என்விடியா விளக்கம் அளித்தது. நினைவகம் 3.5 ஜிபி, 0.5 ஜிபி என இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பகுதி மிக மெதுவானது. முதலில் வெளியிடப்பட்ட விவரக்குறிப்பில் இடைநினைவகத்தின் அளவும் தவறாகக் கூறப்பட்டிருந்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில், 2016இல் ஓர் அட்டைக்கு 30 டாலர் தர இணக்கம் ஏற்பட்டது.

மோசமான அட்டை என்று ஜிடிஎக்ஸ் 970ஐக் கூற முடியாது. அன்றைய பெரும்பாலான விளையாட்டுகளில் அதன் வேகம் சிறப்பாகவே இருந்தது. ஆயினும் விவரக்குறிப்பை மட்டும் நம்பாமல், தனிநபர்களும் இதழ்களும் செய்யும் சோதனை முடிவுகளைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை இவ்விவகாரம் வலுப்படுத்தியது.

2016: ஆர்எக்ஸ் 480, ஜிடிஎக்ஸ் 1060

2016ஆம் ஆண்டின் நடுவில் இரண்டு முக்கியமான நடுத்தர அட்டைகள் மூன்று வார இடைவெளியில் வந்தன. ஜூன் 29 அன்று ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 480 அட்டையை 4 ஜிபி 199 டாலர், 8 ஜிபி 239 டாலர் என்ற விலைகளில் வெளியிட்டது. ஜூலை 19 அன்று 249 டாலர் தொடக்க விலையில் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது. 1920×1080 அளவுத் திரையில் அன்றைய விளையாட்டுகள் அனைத்தையும் இவை நல்ல தரத்தில் இயக்கின.

ஆர்எக்ஸ் 480 வெளியானவுடன் மின்சாரம் பற்றிய ஒரு சிக்கல் தெரியவந்தது. தாய்ப்பலகையின் இணைப்பிடம் வழியாக ஓர் அட்டை 75 வாட் வரை எடுக்கலாம் என்பது நெறி. இவ்வட்டை அதை மீறுவது சோதனைகளில் கண்டறியப்பட்டது. ஏஎம்டி ஜூலையிலேயே டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்து இதைச் சரிசெய்தது. ஜிடிஎக்ஸ் 1060இன் மின்தேவை 120 வாட், ஆர்எக்ஸ் 480இன் மின்தேவை 150 வாட். பழைய கணினியில் புதிய அட்டை பொருத்துபவர் மின்வழங்கியின் திறனைப் பார்க்க வேண்டும் என்பது இதன் மூலம் மீண்டும் நினைவூட்டப்பட்டது.

ஜிடிஎக்ஸ் 1060, ஸ்டீம் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் 2022இன் இறுதி வரை பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. பின்னர் அவ்விடத்துக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3060 ஆகியவையும் உயர்நிலை அட்டைகள் அல்ல. விளையாட்டு உருவாக்குபவர்கள் எத்தகைய கணினியை மனத்தில் கொண்டு தம் விளையாட்டை அமைக்க வேண்டும் என்பதை நடுத்தர அட்டைகளே பெருமளவு முடிவு செய்கின்றன.

எதீரியம் சுரங்கமும் தட்டுப்பாடும்: 2017–2022

2017இல் எதீரியம் என்ற மின்னாணயத்தைக் கணிப்பின் மூலம் ஈட்டும் தொழில் பரவியது. நினைவக வேகம் மிகுந்த நடுத்தர அட்டைகள் இதற்கு ஏற்றவையாக இருந்ததால், ஆர்எக்ஸ் 480, 580 போன்றவை கடைகளிலிருந்து மறைந்தன. 2018இல் மின்னாணய மதிப்பு சரிந்தபோது அட்டை விலையும் இறங்கியது. 2020இன் பிற்பகுதியில் பெருந்தொற்றுக் காலத் தேவையும், சில்லுத் தட்டுப்பாடும், மின்னாணய விலையேற்றமும் ஒன்றுசேர்ந்தன. 2021 பிப்ரவரியில் 329 டாலர் என அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060 அந்த விலைக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது. எதீரியம் கணிப்பு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் தடையை என்விடியா அதில் வைத்தது. பின்னர் அந்நிறுவனமே தவறுதலாக வெளியிட்ட ஒரு சோதனை டிரைவர் அத்தடையை நீக்கிவிட்டது.

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் வேறு முறைக்கு மாறியதும் இத்தொழில் முடிவுக்கு வந்தது. பயன்படுத்தப்பட்ட அட்டைகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. 2021இல் 329 டாலருக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 2022இன் இறுதியில் 250 டாலருக்கும் கீழே கிடைத்தது. புதிய அட்டையை மட்டும் பார்க்காமல், விலை இறங்கிய முந்தைய தலைமுறை அட்டையையும் ஒப்பிடும் பழக்கம் இக்காலத்தில் பரவலானது.

சுருங்கும் பங்கு

இன்றைய நடுத்தர அட்டைகள் விலை ஏறிவிட்டன என்ற குறை பரவலாக உள்ளது. அது முழுவதும் சரியன்று. 2007இன் 199 டாலர், பணவீக்கத்தைக் கணக்கில் கொண்டால் 2023இல் ஏறத்தாழ 290 டாலருக்குச் சமம். 2023 ஜூனில் வெளியான ஆர்டிஎக்ஸ் 4060இன் விலை 299 டாலர்.

மாறியிருப்பது, அந்த விலைக்குக் கிடைக்கும் பங்கு. 8800 ஜிடியில் இருந்த 112 அலகுகள் அக்காலத்தின் உயர்நிலை அட்டையிலிருந்த 128இல் 87.5 விழுக்காடு. 2010இன் ஜிடிஎக்ஸ் 460இல் 336 அலகுகள். உயர்நிலை ஜிடிஎக்ஸ் 480இல் 480. பங்கு 70 விழுக்காடு. ஜிடிஎக்ஸ் 1060இன் 1280 அலகுகள், ஜிடிஎக்ஸ் 1080 டிஐயின் 3584இல் 36 விழுக்காடு. ஆர்டிஎக்ஸ் 4060இன் 3072 அலகுகள், ஆர்டிஎக்ஸ் 4090இன் 16384இல் 19 விழுக்காட்டுக்கும் குறைவு. 2025இன் ஆர்டிஎக்ஸ் 5060இல் இது 18 விழுக்காட்டுக்கும் கீழ்.

இதற்கு ஒரு பகுதிக் காரணம், உயர்நிலை அட்டைகள் விலையிலும் அளவிலும் மிகவும் பெரிதானது. 8800 ஜிடிஎக்ஸ் 599 டாலர். ஆர்டிஎக்ஸ் 5090 1999 டாலர். நுண்ணிய உற்பத்தி முறைகளின் செலவு கூடியதும் ஒரு காரணம். மேலும், 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் தரவு மைய வருவாய் விளையாட்டுத் துறை வருவாயை முந்தியது. 2008இல் விலையைக் கீழே இழுத்த அளவுக்கான போட்டி அண்மை ஆண்டுகளில் நடுத்தரத்தில் காணப்படவில்லை. 2022இல் ஆர்க் வரிசையுடன் இன்டெல் இச்சந்தைக்குள் வந்தது.

ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையில் முன்னேற்றமே இல்லை என்று கூறிவிட முடியாது. முந்தைய 3060இன் மின்தேவை 170 வாட். இதன் மின்தேவை 115 வாட். ஆனால் நினைவகம் 12 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகவும், பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகவும் குறைந்தன.

8 ஜிபி சர்ச்சை

விளையாட்டின் பரப்புப் படங்களும் பிற தரவுகளும் அட்டையின் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. இடம் போதாதபோது, கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக அவற்றை மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டியுள்ளது. அப்போது காட்சி விட்டுவிட்டு ஓடும், அல்லது பரப்புகள் மங்கலாகத் தோன்றும். 2023இல் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் உள்ளிட்ட சில விளையாட்டுகளில் 8 ஜிபி அட்டைகள் இச்சிக்கலைச் சந்தித்தன.

அதே ஆண்டு ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 8 ஜிபி 399 டாலருக்கும் 16 ஜிபி 499 டாலருக்கும் வந்தது. சில்லு ஒன்றே. நினைவகம் நிரம்பாத விளையாட்டுகளில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. நிரம்பும் விளையாட்டுகளில் வேறுபாடு பெரிது. 2025இல் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர் என வந்தபோது இவ்விடைவெளி பாதியாகக் குறைந்தது. இன்டெல்லின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 12 ஜிபி நினைவகத்துடன் 249 டாலருக்கு வெளியானது.

பழைய கணினியில் புதிய அட்டை

அட்டையின் வேகம், அது பொருத்தப்படும் கணினியையும் சார்ந்தது. 2022 ஜனவரியில் 199 டாலருக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி நினைவகமும் நான்கு தரவுத் தடங்கள் மட்டுமே கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் உடையது. நான்காம் தலைமுறை இணைப்பில் ஓரளவு இயங்கிய இது, மூன்றாம் தலைமுறை இணைப்பு கொண்ட பழைய தாய்ப்பலகைகளில் கணிசமாக வேகம் இழந்தது. மலிவு அட்டையை நாடுபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய தாய்ப்பலகையே என்பதால் இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

இன்டெல் ஆர்க் அட்டைகள், ரீசைசபிள் பார் என்னும் வசதி இல்லாத பழைய கணினிகளில் மிகவும் பின்தங்கின. பி580 அட்டை வேகம் குறைந்த மையச் செயலிகளுடன் இணையும்போது எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை என்பது 2025இன் தொடக்கத்தில் சோதனைகளில் தெரியவந்தது. புதிய உயர்தர மையச் செயலி கொண்ட கணினியில் செய்யப்பட்ட சோதனை, ஐந்தாறு ஆண்டு பழைய கணினிக்கு அப்படியே பொருந்தாது.

தேர்வு முறை

இவ்வரலாற்றின் அடிப்படையில், நடுத்தர அட்டையை மாற்றுபவர் கவனிக்க வேண்டியவற்றைப் பின்வரும் வரிசையில் கூறலாம்.

திரை: முதலில் திரையின் அளவு தீர்மானிக்கப்பட வேண்டும். 1920×1080 திரைக்குப் போதுமான அட்டை, 2560×1440 திரையில் ஏறத்தாழ 1.8 மடங்கு பிக்சல்களை வரைய வேண்டியிருக்கும்.

நினைவகம்: போட்டி விளையாட்டுகளுக்கு 8 ஜிபி இன்னும் போதும். புதிய பெரிய விளையாட்டுகளை உயர் தரத்தில் சில ஆண்டுகள் ஆட விரும்புபவருக்கு 12 அல்லது 16 ஜிபி ஏற்றது.

வசதிகள்: 2002இல் ஷேடருக்கு நேர்ந்தது ரே டிரேசிங்குக்கும் நேர்ந்துள்ளது. 2024இன் இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025இன் டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகியவை இவ்வசதி வன்பொருளில் இல்லாத அட்டைகளில் இயங்குவதில்லை. பழைய ஜிடிஎக்ஸ் அட்டையைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

கணினியின் மற்ற உறுப்புகள்: மின்வழங்கியின் திறன், அதிலுள்ள இணைப்பு முனைகள், பெட்டியின் உள் நீளம், தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறை, மையச் செயலி ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே அட்டையின் பெயருக்கு வர வேண்டும்.

ஒப்பீடு: புதிய அட்டையைத் தம்மிடமுள்ள அட்டையோடு, தாம் ஆடும் விளையாட்டுகளில் ஒப்பிட வேண்டும். நிறுவனங்களின் விளம்பர வரைபடங்களில் மென்பொருள் இடையில் சேர்க்கும் பிரேம்களும் எண்ணப்படுகின்றன. 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, ஆர்டிஎக்ஸ் 4090க்கு நிகரான வேகம் தரும் என்று என்விடியா கூறியது இத்தகைய கணக்கின் அடிப்படையிலேயே. இடைச்சேர்ப்பு காட்சியைச் சீராக்கும். விசையை அழுத்தியதும் விளையாட்டு பதிலளிக்கும் நேரத்தை அது குறைப்பதில்லை.

விலை: அதே விலைக்கு முந்தைய தலைமுறையில் ஒரு படி மேலான அட்டை கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பயன்படுத்தப்பட்ட அட்டையாயின், அது சுரங்கத்தில் பல மாதங்கள் இடைவிடாது இயங்கியிருக்கக்கூடும். விசிறி, வெப்பநிலை ஆகியவற்றைச் சோதித்து வாங்குவது நல்லது.

பெயரிலுள்ள எண் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. 1999இன் எம்64 முதல் 2025இன் 8 ஜிபி அட்டைகள் வரை, ஒரே பெயரின் கீழ் எது இருந்தது, எது விடுபட்டது என்பதைப் பார்த்து வாங்கியவர்களே தாம் கொடுத்த விலைக்குரிய அட்டையைப் பெற்றனர்.